மண்டையோடும் அமுதசுரபியும்

காஞ்சி மாநகர் வீதியிலே ஒரு மண்டையோடு காணாமற் போய்விட்டது!

மன்னன் தலையில் தரித்த மணிமுடியன்று அது. மாளிகைப் பொற்கிண்ணமும் அன்று. செத்த மனிதன் ஒருவனின் மண்டையோடு. அதைப் பறிகொடுத்துவிட்டுப் பதறுகிறவன் சத்தியசோமன் என்னும் காபாலிகன். உடலெல்லாம் சாம்பல், உள்ளமெல்லாம் கள்வெறி. பக்கத்தில் தேவசோமை என்னும் துணைவி. அவளும் தள்ளாடித்தான் நிற்கிறாள். பிச்சை வாங்குவதும் அந்த ஓட்டில், குடிப்பதும் அந்த ஓட்டில். ஓடு போனால் தவம் போயிற்று; காபாலிகன் என்ற பெயரும் போயிற்று! அலறுகிறான், அரற்றுகிறான். பிறகு நினைவுக்கு வருகிறது, ஓட்டுக்குள் சுட்ட இறைச்சி இருந்த செய்தி. உடனே பிறக்கிறது ஓர் ஆராய்ச்சி முடிவு: இறைச்சியோடு கூடிய ஓட்டை எடுத்திருக்கக் கூடியவர் இருவரே. ஒன்று நாய், அல்லது புத்த பிக்கு.

இப்படித் தொடங்குகிறது 'மத்தவிலாசப் பிரகசனம்' என்னும் நகைச்சுவை நாடகம். எழுதியவன் தெருக்கூத்துக்காரன் அல்லன். செங்கற்பட்டுச் சீமை உள்ளிட்ட தொண்டை மண்டலத்தைத் தன் குடைக்கீழ் வைத்திருந்த பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன். காலம், ஏழாம் நூற்றாண்டின் தொடக்கம். ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன்னே ஓர் அரசன் மதவாதிகளை மேடையேற்றி, அவர்கள் வாயாலேயே அவர்களைச் சிரிப்புக்கு இடமாக்கினான் என்றால் வியப்புத்தானே! 1917ஆம் ஆண்டு திருவனந்தபுரத்தில் கணபதி சாஸ்திரியார் இந்நூலைப் பதிப்பித்த நாள்தொட்டு அந்த வியப்பு ஓயவில்லை. நம்மவரிற் பலரும், அரசனே எழுதிய பகுத்தறிவு நாடகம் என்று இதனை மெச்சுகின்றனர்.

மெச்சட்டும், நானும் மெச்சுகிறேன். ஆனால், மெச்சுவதோடு நின்றுவிடலாமா? தத்துவத்தையும் மதத்தையும் எள்ளி நகையாடிய அந்த நாடகம், மனிதப் பண்பின் பக்கம் எத்தனை அடி எடுத்து வைத்தது என்று அளந்து பார்க்க வேண்டாமா?

முதலில் அதன் வலிமையைக் காண்போம். காபாலிகன் கள்ளுக்கடையைக் காண்கிறான். அவன் கண்ணுக்கு அது கள்ளுக்கடையாகத் தெரியவில்லை; வேள்விச்சாலையாகத் தெரிகிறது! கடையின் கம்பம் வேள்வித்தூண், கள்தான் சோமபானம், குடிகாரர்களே வேள்வி ஆசிரியர்கள், அவர்களின் போதைப் பாட்டே சாம கானம். ஒவ்வொன்றாகப் பொருத்திக்கொண்டே போகிறான். அடுத்துச் சமணர் பேச்சு எழுகிறது. காரணம் எத்தகையதோ காரியமும் அத்தகையதே என்பது அவர்கள் கொள்கையாம். அப்படியானால், துன்பமயமான நோன்பிலிருந்து இன்பமயமான வீடுபேறு எவ்வாறு விளையும் என்று மடக்குகிறான். எளிதில் விடை கூற இயலாத கேள்விதான்! ஆனால் அந்தத் தருக்கம் அவனுக்கு எதற்குப் பயன்படுகிறது? சமணர் பெயரைச் சொன்ன வாயைக் கள்ளால் கொப்பளித்துத் தூய்மை செய்துகொள்வதற்கு!

பிக்கு நாகசேனன் வருகிறான். வணிகன் தனதாசன் வீட்டில் மீனும் இறைச்சியும் கமழும் விருந்தை ஏற்றுக்கொண்டு, இராச விகாரைக்குத் திரும்பும் வழி. வழியெல்லாம் சிந்தனை. கருணைக் கடலாகிய புத்தர், மாடத்தில் தங்கலாம், மெத்தையில் படுக்கலாம், முற்பகலில் உண்ணலாம் என்றெல்லாம் தாராளமாக இசைவளித்தாரே, மங்கையையும் மதுவையும் மட்டும் எப்படி மறந்தார்? மறந்திருக்க மாட்டார். இளைஞர்மீது பொறாமை கொண்ட கிழட்டுத் தேரர்கள் அந்தப் பகுதியைப் பிடகங்களிலிருந்து நீக்கிவிட்டார்கள். சிதையாத மூல ஏடு எங்கே கிடைக்குமோ என்று ஏங்குகிறான்.

இந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சிரித்தேன். முடிவை முன்னமே மடியில் வைத்துக்கொண்டு, அதற்கு ஆதாரம் தேடி ஏடு புரட்டும் பேர்வழிகள் எந்தக் காலத்திலும் உண்டு. எந்தக் கட்சியிலும் உண்டு. மகேந்திரன் கூர்மையாகத்தான் பார்த்திருக்கிறான். உண்மையைத் தேடும் விளக்காகப் பிறந்த தத்துவம், இவர்கள் கையில் ஆசைக்கு வாதாடும் வழக்கறிஞனாகிவிட்டது. காபாலிகனும் பிக்குவும் சண்டையிடுவது கொள்கைக்காகவா? இல்லை. ஓட்டுக்காக! ஓட்டிலிருந்த இறைச்சிக்காக! கொள்கை அங்கே கல்லெறிய உதவும் கல், அவ்வளவே.

பிக்குவின் மேலாடைக்குள் ஏதோ மறைந்திருக்கிறது. காட்டச் சொல்கிறான் காபாலிகன். காட்டினால், கருநிறப் பிச்சைப் பாத்திரம். தன் ஓடு வெண்ணிறமாயிற்றே என்று அவன் தயங்கியிருக்க வேண்டும். தயங்குவானா? நிறத்தை மாற்றிவிட்டாய் என்கிறான். மாயம் வல்லவர்களுக்கு ஓட்டின் நிறத்தை மாற்றுவதா பெரிய வேலை? கைகலப்பு மூள்கிறது. தேவசோமை பிக்குவின் தலைமயிரைப் பற்றப் பாய்கிறாள். மழித்த தலையில் மயிரேது? பிடி கிட்டாமல் கீழே விழுகிறாள்.

அப்போது நடப்பதைக் கவனியுங்கள். அடிக்க வந்தவளுக்கே பிக்கு குனிந்து கைகொடுத்துத் தூக்கிவிடுகிறான். உடனே, "பாருங்கள், என் துணைவியின் கையைப் பற்றி மணம் புரிகிறான்!" என்ற பொருள்பட ஊரைக் கூட்டுகிறான் காபாலிகன். விழுந்தவர்க்கு இரங்குவது எங்கள் அறம் என்று பிக்கு கூறும் விளக்கம் எடுபடவில்லை. சிரிப்போடு சிரிப்பாக வந்து மறையும் இந்த நொடியை நாடகத்தின் உயிர்நிலை என்பேன். பிடகத்தில் மதுவைத் தேடிய அதே போலித் துறவியின் கை, விழுந்தவளைக் கண்டதும் தானாக நீள்கிறது. எந்த ஏட்டைப் புரட்டிவிட்டு நீண்டது அந்தக் கை? எந்தத் தேரரிடம் இசைவு பெற்று நீண்டது? அறத்தின் பெயரை அவன் இழுப்பதெல்லாம் பின்னர்தான், குற்றச்சாட்டு எழுந்த பிறகு. கை முன்னே, காரணம் பின்னே. மகேந்திரன் அறிந்தே இதனை எழுதினானோ, வேடிக்கைக்காக எழுதியது இப்படி அமைந்துவிட்டதோ, எப்படியாயினும் அழகு அழகுதான்.

இனி, நாடகம் தயங்கி நிற்கும் இடங்களுக்கு வருவோம். வழக்கைத் தீர்க்கப் பாசுபதன் ஒருவனை அழைக்கிறார்கள். அவனாலும் இயலவில்லை, அறங்கூறவையத்துக்குப் போவோம் என்கிறான். தேவசோமைக்கு அதில் நம்பிக்கையில்லை. பல விகாரைகளின் செல்வத்தைக் குவித்து வைத்திருக்கும் பிக்கு, அவையத்தாரின் வாயை நிரப்பிவிடுவான். சாம்பலையே சொத்தாகக் கொண்ட எங்களுக்கு அங்கே என்ன கிடைக்கும் என்கிறாள். ஆகா! அரசனின் எழுத்தாணி அரசனின் அவையையே குத்துகிறதே என்று நாம் நிமிர்ந்து உட்காருகிறோம். அதற்குள் பாசுபதன் குறுக்கிட்டு, அப்படிச் சொல்லாதே, குடிப்பிறந்த சான்றோர் தூண்போல் நின்று தாங்கும் மன்றம் அது என்று நற்சான்று வழங்கிவிடுகிறான். குத்திய எழுத்தாணி மறுகணமே தடவிக் கொடுத்துவிட்டது! மதவாதிகளுக்கு அப்படி ஒரு தடவல் கிடைத்ததா என்று தேடிப் பாருங்கள்.

முடிவில் ஓட்டைக் கொண்டுவருபவன் ஒரு பித்தன். எங்கிருந்து பெற்றான்? ஒரு நாயிடமிருந்து பறித்தான். யாருடைய நாய்? சண்டாளன் ஒருவனுடைய நாய். ஓடு கிடைத்த மகிழ்ச்சியில் பகை மறந்து, பண்பாக விடைபெற்றுக்கொள்கிறார்கள். சத்துருமல்லனாகிய மன்னனுக்கு வாழ்த்துக் கூறி நாடகம் நிறைவுறுகிறது.

வேதாந்தமும் பிடகமும் தீர்க்காத வழக்கைப் பித்தனும் நாயும் தீர்த்தன என்று நாம் கைதட்டுகிறோம். கைதட்டல் ஓய்ந்த பிறகு ஒரு கேள்வி உறுத்துகிறது: அந்தச் சண்டாளன் எங்கே? காபாலிகனுக்கு வாய் உண்டு. பிக்குவுக்கு உண்டு. பித்தனுக்குக்கூட உண்டு. நாய்க்கு உடையவனுக்கு மட்டும் ஒரு சொல் இல்லை, பெயர் இல்லை, மேடையில் கால் வைக்க இடமில்லை. சாதிப் பெயராக மட்டும், அதுவும் நாய்க்கு அடைமொழியாக, வந்து போகிறான் அவன். காபாலம், பௌத்தம், சமணம், பாசுபதம் என்று அத்தனை வேலிகளையும் தாண்டிக் குதித்த அரசனின் சிரிப்பு, இந்த ஒரு வேலியருகே வந்ததும் திரும்பிவிட்டது. வேலி இருப்பதையே அது கண்டதாகத் தெரியவில்லை.

மொழியைப் பாருங்கள். வடமொழியும் பிராகிருதமும். காஞ்சித் தெருவில் நடக்கும் கதையில் காஞ்சித் தெருவின் தமிழுக்கு இடமில்லை! செங்கற்பட்டுக்கு மிக அருகில் வல்லம் என்னும் ஊர் இருக்கிறது. அங்குள்ள குன்றிலே அதே மகேந்திரன் காலத்துக் குடைவரைக் கோயில். சத்துருமல்லன், குணபரன் என்று மன்னனின் பட்டங்களை அடுக்கி, அவன் அடியானாகிய வயந்தப்பிரியரசன் என்பானின் மகன் கந்தசேனன் இத்தேவகுலத்தைச் செய்வித்தான் எனத் தமிழிலே வெட்டி வைத்திருக்கிறார்கள். நாடகத்தின் வாழ்த்திலே வரும் அதே சத்துருமல்லன்! கும்பிடவேண்டிய செய்தி ஊருக்குத் தெரிந்த தமிழில். கும்பிடப்படுகிறவர்களைப் பார்த்துச் சிரிக்கிற செய்தி அவைக்கு மட்டும் தெரிந்த வடமொழியில். மண்டகப்பட்டுக் குடைவரையில் கோயில் கட்டிய செய்தியும் வடமொழியில்தானே இருக்கிறது என்று மறுப்போர் உண்டு. மறுப்பு நியாயமானதே. அது என் ஐயத்தைக் குறைக்கிறதே தவிர நீக்கவில்லை.

ஊருக்குள் இறங்காத சிரிப்பு என்ன ஆயிற்று? மகேந்திரன் வேறு நெறியிலிருந்து திரும்பி இலிங்க வழிபாட்டை ஏற்றதைத் திருச்சிராப்பள்ளிக் குடைவரைக் கல்வெட்டு குறிப்பால் உணர்த்துகிறது. நாவுக்கரசர் வரலாற்றில் வரும் பல்லவன் சைவனாகிப் பாடலிபுத்திரத்துச் சமணப் பள்ளிகளை இடித்து, அந்தக் கல்லைக் கொண்டுவந்து திருவதிகையில் குணபரவீச்சரம் எழுப்பினான் என்கிறது பெரிய புராணம். குணபரன் என்பது மகேந்திரனின் பட்டமேயாகலின், சேக்கிழார் கூற்று வரலாறாயின், எள்ளி நகையாடிய கையும் இடித்துத் தள்ளிய கையும் ஒரே கைதான்! பிறர் மதத்தைப் பார்த்துச் சிரிக்கத் தெரிந்த ஒருவனுக்குப் பிறர் மதத்தை இடிக்கவும் தெரிந்திருக்கலாம் என்பதை நாம் மறந்துவிடக் கூடாது. நாடகத்தின் கதியோ அதைவிட வேடிக்கை. மலையாள நாட்டுக் கோயில்கள் சிலவற்றில் சாக்கியர்கள் அதனைக் கூத்தாக ஆடுகிறார்கள்; மகப்பேறு வேண்டி நேர்ந்துகொள்ளும் வழிபாடாக! மதத்தைக் கிண்டல் செய்த நாடகத்தை மதமே விழுங்கி ஏப்பம் விட்டிருக்கிறது.

மகேந்திரனின் அவையில் நின்றுவிட்ட சிரிப்பைத் தெருவுக்குக் கொண்டுவந்தவன் ஒருவன் உண்டு. மாமல்லபுரத்துச் சிற்பி. அவன் பெயரையும் எவரும் எழுதி வைக்கவில்லை. அருச்சுனன் தபசு என்றும் பகீரதன் தவம் என்றும் அறிஞர்கள் வழக்காடும் அந்தப் பெரும் பாறையில், ஏறக்குறைய 30 மீட்டர் நீளத்துக்குத் தேவரும் முனிவரும் யானையும் நாகமும் நிறைந்திருக்க, யானையின் அருகே ஒரு பூனையையும் செதுக்கியிருக்கிறான். பின்னங்கால்களில் நின்று, முன்னங்கால்களை மேலே தூக்கிக் கடுந்தவம் புரிகிறது பூனை! சுற்றிலும் எலிகள். மேலே பார்த்தால், விலா எலும்பு தெரிய ஒற்றைக் காலில் நிற்கும் மெய்த் தவசி; கீழே அதே கோலத்தில் பொய்த் தவசி. இதைப் புரிந்துகொள்ள வடமொழி வேண்டா. எழுத்தே வேண்டா. வலை இழுத்துவிட்டு வருகிறவனும் ஆடு மேய்த்துவிட்டு வருகிறவனும் நின்று பார்த்துச் சிரிக்கலாம்.

என் வகுப்பு மாணவர்களை அங்கே அழைத்துச் சென்றிருந்தபோது ஒரு சிறுவன், "எலிக்கெல்லாம் இது தெரியாதா ஐயா?" என்று கேட்டான். மற்றவர்கள் பூனையைப் பார்த்துக்கொண்டிருக்க, அவன் எலியைப் பார்த்திருக்கிறான்! இந்தக் கதை பாரதத்தின் உத்தியோக பருவத்தில் வருகிறது. தருமனை இழிவுசெய்யத் துரியோதனன் சொல்லியனுப்பும் கதை. அங்கே எலிகளுக்கும் தெரிந்துவிடுகிறது. பூனை நாளுக்கு நாள் பருக்கிறது, நம் கூட்டம் நாளுக்கு நாள் குறைகிறதே என்று கணக்குப் பார்க்கிறது முதிர்ந்த எலியொன்று. பூனையின் தத்துவத்தை அது மறுக்கவில்லை. அதன் தவத்தில் குறை காணவில்லை. எத்தனை பேர் போனோம், எத்தனை பேர் திரும்பினோம் என்று எண்ணியது, அவ்வளவே. மதத்தை ஆராய இதனினும் சிறந்த அளவுகோல் எந்தத் தருக்க நூலில் இருக்கிறது?

பூனையைக் கடந்து சற்று நடந்தால் கணேச ரதம். அங்கும் தருமராச மண்டபத்திலும் ஒரே வடமொழிக் கல்வெட்டு. சிவனைப் போற்றும் செய்யுட்கள். ஒரே பரம்பொருளே படைப்பவனும் காப்பவனும் அழிப்பவனும் என்ற உயர்ந்த பேச்சு. கடைசியில் வருகிறது அதன் கனி: உருத்திரன் எவர் நெஞ்சில் வாழவில்லையோ அவர்களுக்கு ஆறு முறை அடுக்கிச் சாபம்! ஒரு முறை போதாதாம். இராமாநுச மண்டபத்துக்குப் போங்கள். சிவனுக்காகக் குடைந்த அந்தக் கோயிலின் சுவர்ச் சிற்பங்களைப் பிற்காலத்தில் உளி கொண்டு கொத்தி எடுத்துவிட்டு, சங்கும் சக்கரமும் பொறித்திருக்கிறார்கள். சாபச் செய்யுள் மட்டும் அங்கும் மிஞ்சி நிற்கிறது. சாபத்தைச் செதுக்கியவர்களும் சிலையைச் சிதைத்தவர்களும் தத்துவம் அறியாதவர்களா? நன்றாக அறிந்தவர்கள். சாபத்துக்கு மேலே இருக்கும் செய்யுளே அதற்குச் சான்று.

சிரிப்பு ஒரு பக்கம், சாபம் மறுபக்கம். இரண்டுக்கும் நடுவே அதே காஞ்சியில் இன்னொரு பாத்திரம் இருந்தது. தமிழிலே இருந்தது. மணிமேகலையின் அமுதசுரபி.

1898இல் உ.வே. சாமிநாதையர் பதிப்பித்த பிறகே இக்காப்பியம் பரவலாக நம் கைக்கு எட்டியது. பௌத்த மதத்தைப் பரப்ப எழுந்த நூல்தான், மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் அந்தப் பாத்திரத்தின் பிறப்பைப் பாருங்கள். அது முதலில் சேர்ந்தது ஆபுத்திரன் கையில். வேள்விக்குக் கட்டியிருந்த பசுவை இரவில் அவிழ்த்துவிட்டவன் அவன். அதற்காக அடித்தார்கள், பிறப்பை இழித்தார்கள், ஊரைவிட்டு ஓட்டினார்கள், அவன் ஏந்திய பிச்சைப் பாத்திரத்தில் சோற்றுக்குப் பதிலாகக் கல்லை இட்டார்கள். கல் விழுந்த அந்தக் கையோடு மதுரைக்குப் போனான். பிச்சை எடுத்ததைக் குருடர்க்கும் செவிடர்க்கும் முடவர்க்கும் ஊட்டி, மிஞ்சியதைத் தான் தின்று, ஓட்டையே தலையணையாக வைத்து உறங்கினான். அவனுக்குத்தான் கிடைத்தது அள்ள அள்ளக் குறையாத பாத்திரம். பிறகு ஒரு கப்பலில் போகும்போது மணிபல்லவத் தீவில் தனியே விடப்பட்டான். கையில் அமுதசுரபி, சுற்றிலும் ஆள் இல்லை. தான் ஒருவன் உண்டு உயிர் வாழ அது தேவையா என்று கோமுகிப் பொய்கையில் அதை விட்டுவிட்டுப் பட்டினி கிடந்து இறந்தான்.

சத்தியசோமனின் ஓட்டையும் இந்த ஓட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்று, என்னுடையது என்று நால்வர் அடித்துக்கொண்டது. மற்றொன்று, பிறர்க்கு இல்லையேல் எனக்கும் வேண்டா என்று விடப்பட்டது. தத்துவங்களை ஒப்பிட்டுப் பார்க்க நமக்குக் கிடைத்திருக்கும் தலைசிறந்த இரண்டு சான்றுகள் இவை. இரண்டுக்கும் காஞ்சியே களம் என்பது எனக்குத் தனி மகிழ்ச்சி. எங்கள் பழைய செங்கற்பட்டு மாவட்டத்து ஊர் அல்லவா!

காஞ்சியில் மழை பொய்த்து மக்கள் வாடியபோது மணிமேகலை வருகிறாள். பாத்திரத்தை இட்டு எல்லாரையும் அழைக்கிறாள். பதினெட்டு மொழி பேசுவோர் வருகிறார்கள், கண்ணற்றோர், காதற்றோர், காலற்றோர் வருகிறார்கள், விலங்கும் வருகிறது. எந்த மதம், எந்தக் குலம், என்ன நீறு, என்ன நாமம் என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. மகேந்திரன் மேடையில் விடுபட்டவனுக்கு இங்கே இலை விழுந்திருக்கும்.

அதற்காக மணிமேகலையிலும் குறையே இல்லை என்று நான் கூறவில்லை. காஞ்சிக்கு வருமுன் அவள் வஞ்சி நகரில் பத்துச் சமயவாதிகளிடம் தத்துவம் கேட்கிறாள். எந்த உருவில் கேட்டாள் தெரியுமா? ஆண் துறவியின் உருவில்! இளம் பெண்ணென்றால் மெய்ப்பொருளை உரைக்க மாட்டார்களாம். சோறு போடும்போது பெண்ணாக இருந்தால் போதும். சிந்திக்க வேண்டுமானால் ஆணாக மாறவேண்டும். இதைவிடக் கடுமையான திறனாய்வு தத்துவவாதிகள்மீது வேறென்ன வேண்டும்? ஆனால் சாத்தனார் அதை ஏற்பாடாகவே சொல்லிப் போகிறார், கடிந்து சொல்லவில்லை. கடைசிக்கு முந்திய காதையில் அறவண அடிகள் அளவையும் ஏதுவும் போலியும் விரித்துரைக்கிறார். தமிழில் தருக்கவியலுக்கு அது பெருஞ்செல்வம், மறுக்க மாட்டேன். என்றாலும், பசித்தவர் கூட்டம் எங்கே போயிற்று, பாத்திரம் எங்கே என்று தேடித் தேடிப் படித்தேன். நூலின் முடிவில் அவை பேச்சில் இல்லை. ஊட்டிய கை ஓய்ந்து, கேட்ட காது மட்டும் எஞ்சியது.

இந்தப் பழங்கதையெல்லாம் இன்று எதற்கு என்பீர்களாயின், பூனைச் சிற்பத்துக்குச் சில அடிகள் தள்ளியிருக்கும் தலசயனப் பெருமாள் கோயிலை நினைவுபடுத்துகிறேன். அறநிலையத் துறையின் அன்னதானம் நடைபெறும் கோயில். அங்கே பந்தியில் உட்காரவிடாமல் தம்மை அனுப்பிவிட்டதாகப் பூஞ்சேரியைச் சேர்ந்த நரிக்குறவர் பெண் ஒருவர் குமுறிப் பேசிய காணொலி 2021 அக்டோபரில் நாடெங்கும் பரவியது. அந்த மாதமே அப்போதைய அறநிலையத் துறை அமைச்சர் சேகர்பாபு அதே கோயிலில் அவரோடும் அவர் மக்களோடும் ஒரே பந்தியில் அமர்ந்து உண்டார். நவம்பர் 4ஆம் நாள், அப்போதைய முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் பூஞ்சேரிக்கே சென்று நரிக்குறவர், இருளர் குடும்பங்களுக்கு மனைப்பட்டாவும் சாதிச் சான்றிதழும் வழங்கினார்.

அமைச்சர் அமர்ந்தது நன்று. முதல்வர் சென்றது நன்று. என் கண் வேறோர் இடத்தில் நிற்கிறது. உயிர்களெல்லாம் இறைவனின் உடல் என்பது விசிட்டாத்துவைதம். அதை நிலைநாட்டிய இராமாநுசர் பிறந்த திருப்பெரும்பூதூரும் பழைய செங்கற்பட்டு மாவட்டந்தான். உயிரெல்லாம் இறைவன் உடல் என்றால், அந்தப் பெண்ணின் கையில் இருந்த குழந்தை எதன் உடல்? இந்தக் கேள்வியைப் பட்டர்களும் பண்டிதர்களும் முன்னின்று கேட்டிருக்க வேண்டும். அவர்கள் கேட்குமுன் அவரே கேட்டுவிட்டார். தம் தமிழில், தெருவில் நின்று, எல்லாருக்கும் விளங்கும்படி கேட்டார். மகேந்திரன் வாய் கொடுக்காமல் விட்டவர்களின் குரல் அது. ஆயிரத்து நானூறு ஆண்டுகள் தாமதமாகத்தான் கேட்டது. அதுவும் கையில் ஒரு கைப்பேசி இருந்ததால் கேட்டது. காணொலி இல்லாத பந்திகளின் கணக்கை எந்த எலி பார்க்கும்?

மத்தவிலாசத்தைத் தமிழாக்கி மேடையேற்ற விரும்பும் மாணவ நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒரு வரியையும் மாற்ற வேண்டா. கள்ளுக்கடை வேள்வி இருக்கட்டும். பிடகம் தேடும் பிக்கு இருக்கட்டும். அவை சிரிக்க வைக்கட்டும். ஒரே ஒருவரை மட்டும் கூடுதலாக நிறுத்துங்கள்: நாய்க்கு உடையவனை. அவனுக்கு வசனம் எழுத முற்படாதீர்கள். ஓட்டுக்காக மற்றவர்கள் அடித்துக்கொண்டிருக்கும்போது அவன் மேடையின் ஓரத்தில் நின்று தன் நாயைத் தேடட்டும். பித்தன் ஓட்டோடு வந்து, எல்லாரும் தழுவிக்கொண்டு, மன்னனை வாழ்த்தத் தொடங்குகையில், இறைச்சியைப் பறிகொடுத்த அந்த நாய் அவனிடம் ஓடி வரட்டும். திரையை இழுப்பதா வேண்டாவா என்பதை அப்போது அவையோர் முகத்தைப் பார்த்து முடிவு செய்துகொள்ளுங்கள்.